நிலாப் படமும் மஞ்சள் கயிறும்

உலகம் ஒரே வீடாகிவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு அருவருப்பாக இருக்கும். இந்த வயதிலும் அப்படித்தான். பேசுகிறவர் நல்லவராக இருக்கலாம், படித்தவராக இருக்கலாம், அதைப் பற்றி எனக்கென்ன. எந்த வீட்டைச் சொல்கிறீர்கள், அதில் நாற்காலியில் யார், அடுப்படியில் யார், படியில் யார் என்று எழுந்து கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அந்த வாக்கியத்தை முதன்முதலில் புகுமுக வகுப்பில் கேட்டேன். மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம் அது. பொதுக்கட்டுரைப் பாடம் எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வேர்வை ஊற்றினாலும் கழுத்துப்பட்டையைத் தளர்த்தமாட்டார். கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போட்டார்: விஞ்ஞானம் உலகத்தை ஒரே வீடாக்கிவிட்டது, ஆராய்க. ஆராய்க என்று போட்டாரே தவிர, என்ன விடை வேண்டும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு நாட்டில் செய்த சின்ன எலெக்ட்ரானிக் சில்லு இன்னொரு நாட்டு ரேடியோவில் பாடுகிறது, அதே மாதிரிச் சில்லுதான் ராக்கெட்டையும் ஓட்டுகிறது, இனி வெள்ளையன் கறுப்பன் என்று எதுவும் கிடையாது என்று மனிதர் உருகினார். அந்தச் சில்லுகளில் கம்பி ஒட்டுகிறவள் என் அண்ணி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அவளைக் கழுத்தைப் பிடித்துச் சோதனை போட்டிருந்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நாங்கள் குடியிருந்தது தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மசாலா அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில், இரண்டு அறை. அம்மா, அண்ணன், அண்ணி, கடைக்குட்டிப் பெண்ணான நான். மிளகாய் அரைக்கும் நாளில் நாலு பேரும் முறை வைத்துத் தும்முவோம். மஞ்சள் அரைக்கும் நாளில் கொடியில் காயும் என் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிடும்.

அண்ணன் வடக்கே வெள்ளைக்காரன் கப்பற்படைத் தளத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் தளத்தைக் காலி செய்து ஊருக்குப் போகப்போவதாக அறிவித்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்பிய ஆட்களில் அவனும் ஒருவன். அதற்குப் பிறகு கோப்பிக் கடைதான் அவனுக்கு ஆபீஸ். "லண்டன்ல ஒருத்தன் மேசைமேல ஒரு கையெழுத்துப் போட்டான், இங்க என் சோத்துல மண்ணு விழுந்துச்சு. இதுதான் பவர்" என்பான். அதில் பொய் ஒன்றுமில்லை. அவன் வயிற்றெரிச்சல் எனக்கும் புரிந்தது. ஆனால் மனிதன் அதையே காலை, பகல், மாலை மூன்று வேளையும் சொல்லிக்கொண்டு, எதிரில் இருக்கும் கோப்பிக்கும் ரொட்டிக்கும் அண்ணி கொடுத்த காசை நீட்டினால் கேட்பவளுக்கு எப்படி இருக்கும்?

அண்ணி எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை தமிழ் படித்தாள். ஆங்கிலம் தெரியாது. அண்ணனுக்கு வேலை போன பிறகு, காலாங் பக்கம் வெளிநாட்டுக்காரன் ஒருவன் புதிதாகத் திறந்த எலெக்ட்ரானிக் பேக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளாகவே போனாள். கண்ணைச் சோதித்தார்கள், விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தலைமுடியைவிட மெல்லிசான தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்ட வேண்டும். வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் குரலே எழுப்பாத பெண், முதல் சம்பளம் வாங்கிய அன்று இரவு சாப்பாட்டில் "அத்தை, நாளைக்கு மீன் வாங்குங்க" என்றாள். அம்மா வாங்கினாள். அந்த மீன் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம். என் பள்ளிச் சம்பளத்தையும் அவள்தான் கட்டினாள்.

சனியன் பிடித்தது தாலியில். பேக்டரிக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது. வளையல், மோதிரம், சங்கிலி எல்லாம் வாசலில் கழற்றிவிட வேண்டும். அண்ணி எல்லாவற்றையும் கழற்றினாள், தாலிச் சங்கிலியை மட்டும் உள்ளே மறைத்துக்கொண்டு போனாள். சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண், நல்ல மாதிரிதான். இரண்டு தடவை மலாயில் எச்சரித்தாள். மூன்றாவது தடவை, இதோடு இனிமேல் வராதே என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போதே கழுத்துலருந்து எறக்கச் சொல்றானா? எவன் அவன்?"

அண்ணன், "மானம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான். யாருடைய மானம் என்று சொல்லவில்லை. வேலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவர் வாயிலிருந்தும் அது மட்டும் வரவில்லை, நான் காத்திருந்து பார்த்தேன்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். உலோகம்தானே கூடாது? தங்கம் வாங்க வக்கில்லாதவர்கள் காலங்காலமாக என்ன செய்கிறார்கள்? நூல் கயிற்றில் மஞ்சள் பூசி, நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டால் அதுவும் தாலிதான். சங்கிலி அம்மாவின் பெட்டிக்குள் போனது. மஞ்சள் கயிறு அண்ணியின் கழுத்துக்கு வந்தது. சூப்பர்வைசர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உலோகம் இல்லை என்று விட்டுவிட்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கீழே மில்லிலிருந்து புதிதாக அரைத்த மஞ்சளை வாங்கி வந்து, குழைத்து, கயிற்றில் கெட்டியாகப் பூசிவிடுவாள். கம்பெனிக்காரனையே ஏமாற்றிவிட்டோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

கம்பெனிக்காரனுக்கு ஏர்கண்டிஷன் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. அந்தக் குளிரில் ஈரப் பூச்சு காய்ந்து, குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கிறது. அண்ணியின் மேசையிலிருந்து போன சில்லுகள் பெட்டி பெட்டியாகக் கெட்டுத் திரும்பின. என்ன ஏதென்று பார்க்கக் கடல் தாண்டி ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அந்த வரிசையில் வேலை செய்த பெண்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்துக் காலரை மடிக்கச் சொன்னார்கள். அண்ணியின் கயிற்றைச் சூப்பர்வைசர் இடுக்கியால், சோற்றில் கிடந்த முடியை எடுப்பதுபோல, தூக்கிக் காட்டினாளாம். இதை அண்ணி என்னிடம் சொன்னபோது அழவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

வீட்டிலிருந்து ஆங்கிலம் தெரிந்த யாரையாவது கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டான், வெள்ளைக்காரன் முகத்திலேயே விழிக்க மாட்டானாம். ஆகவே மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், காலையில் அந்த உலகமே ஒரே வீடான பாடத்தையும் கேட்டுவிட்டு, சீருடையோடு நான் போனேன். எனக்கு ஒரு வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். உள்ளே வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லாம் குனிந்த தலை, ஒரு பேச்சு மூச்சு இல்லை. வெளியே தேக்காவில் ஐந்து பெண்கள் சேர்ந்தால் காது கிழியும். இங்கே இத்தனை பேரை வாயைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரன் இளவயதுக்காரன். கத்தவில்லை, மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். தெரு மாதிரி கோடுகள், நடுவில் மலையளவு ஒரு மஞ்சள் பாறை.

"இது என்ன பொருள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"மஞ்சள். நாங்கள் சமையலில் போடுவது."

"சமையல் பொருளை ஏன் கழுத்தில் கட்டிக்கொள்கிறாள்?"

தாலி என்றால் என்ன என்று அவனுக்கு விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆனதற்கு அடையாளம், கணவன் உயிரோடு இருக்கும்வரை கழற்றக்கூடாது என்று சொல்லி முடித்தேன். பொறுமையாகத் தலையாட்டினான். பிறகு, "வீட்டில் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். இங்கே கழுத்தில் எதுவும் இருக்கக்கூடாது. நூல்கூட. அடுத்த வாரம் முதல் அப்படி வர முடிந்தால் வரலாம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்" என்றான். சொல்லிக்கொண்டே மைக்ராஸ்கோப்பை விரலால் தட்டினான். அந்த விரலில் பட்டையாக ஒரு கல்யாண மோதிரம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்கள் மோதிரம் போட்டுக்கொண்டுதானே உள்ளே நிற்கிறீர்கள்?" என்றேன்.

மோதிரத்தை அப்போதுதான் கவனித்தவன்போல் பார்த்தான். கோபம் வரவில்லை. சிரித்தான். "நான் எதையும் தொடுவதில்லை. பார்க்க மட்டும்தான் வருகிறேன்" என்றான்.

"என்ன சொல்றாரு?" என்று அண்ணி கேட்டாள். சொன்னேன். அவள் அந்த மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு, "பாக்குறவங்க என்ன வேணா போட்டுக்கலாம் போல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதிகாரத்தைப் பற்றி நான் எத்தனையோ தடிமனான புத்தகங்கள் படித்துவிட்டேன். அந்த மனிதனின் சிரிப்பை மட்டும் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "நான் இந்த வேலையை விடமாட்டேன்" என்றாள். "விட்டா மறுபடி அடுப்படி. ஒரு வெங்காயம் வாங்கணும்னாலும் உங்க அம்மா மூஞ்சியைப் பாக்கணும். உன் படிப்பும் போயிரும். தாலி என்ன, கழட்டுனா கழண்டுருவாரா உங்க அண்ணன்? ஆனா உங்க அம்மா வீட்டுக்குள்ள விடணுமே."

வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு அறைக்கும் நடுவில் உலாத்தினான். வெள்ளைக்காரன் போனாலும் அவன் புத்தி போகாது, நம் பெண்களின் கழுத்தில் கை வைக்கிறான் என்று அரை மணி நேரம் பேசினான். நானும் ஒரு நிமிஷம், வேலையை விடச் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். கடைசியில் அவன் சொன்னது, "அங்க போறப்ப கழட்டிக்க. தெருவுல எவனுக்கும் தெரியாமப் பாத்துக்க." மானம் அங்கே முடிந்தது. தூ என்று இருந்தது எனக்கு.

அம்மா அதிலும் ஒரு சட்டம் போட்டாள். காலையில் கயிற்றை அவளே கழற்றிச் சாமி படத்தில் மாட்டுவாள். சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்ததும் அண்ணன் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட வேண்டும், கட்டியவன்தான் கட்ட வேண்டும். கட்டாமல், விளக்கு வைக்கிற நேரத்தில், வெறுங்கழுத்தோடு சுமங்கலி வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அண்ணி சரி என்றாள். வேலைக்காக அவள் எதற்கும் சரி என்றிருப்பாள்.

முதல் சில நாள் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நேரத்துக்கு வந்து படியில் நின்றான். அம்மா சூடம் கொளுத்தினாள். தினமும் ஒரு கல்யாணம். பிறகு அலுத்துவிட்டது. கோப்பிக் கடையில் பேச்சு சுவாரசியமாக இருந்தால் அரை மணி, ஒரு மணி தாமதமாகும். அதுவரை அண்ணி மாடிப்படியில் சேலை முந்தானையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மில் ஆட்கள் மூட்டையோடு ஏறுவார்கள், இறங்குவார்கள். "என்னம்மா, வீட்டுல சண்டையா?" என்பார்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப் பார்த்த கண் சிவந்திருக்கும், மிளகாய்ப் பொடி வேறு. "அவரு வர்றாரு" என்பாள். நான் தண்ணீரும் தோசையும் கொண்டுபோய்ப் படியில் கொடுப்பேன். அம்மாவிடம் சண்டை போட்டேன். "ஒனக்கென்ன தெரியும், நாளைக்கு ஒனக்கும் ஒருத்தன் கட்டுவான்" என்றாள். கட்டினால் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டு அடுப்படியை விட்டு வந்தேன்.

நிலாவில் ஆள் இறங்கியதை ரேடியோ சொன்ன பிறகு, படம் பிளேனில் வந்து சேர்ந்து ஒரு மாலை டிவியில் காட்டினார்கள். டிவி சமூக மன்றத்தில் இருந்தது. தெருவே அங்கேதான். மில்லைக்கூடச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். நான், வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்த அந்த ஒரே வீட்டுக் கட்டுரையை எழுதி முடிக்காமல் தமிழ் மன்றக் கூட்டத்துக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினேன். சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. படியில் அண்ணி.

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

"கம்பெனி வேன் எறக்கிவிட்டதுலருந்து. உங்க அண்ணன் நிலா பாக்கப் போயிருக்காரு."

மேலே கதவு திறந்துதான் இருந்தது. விளக்கு எரிந்தது. குழம்பு வாசனை வந்தது. அம்மா உள்ளேயிருந்து, "அவன் வரட்டும்டி, ஒரு பத்து நிமிஷம் பொறுத்தா கொறஞ்சா போயிருவா" என்றாள். மனிதன் நிலாவுக்கே போய் இறங்கிவிட்டான். இவள் சம்பாதித்துப் போட்ட வீட்டுக்குள் ஏற இவளுக்கு அனுமதி இல்லை. எனக்கு எங்கள் வீட்டின் மேல், அம்மாவின் மேல், அந்தக் கம்பெனியின் மேல், கழுத்துப்பட்டை வாத்தியாரின் மேல், எல்லாவற்றின் மேலும் சேர்ந்து அருவருப்பு வந்தது. புழு நெளியும் சோற்றைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அண்ணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். "மேல போயி அதை எடுத்துட்டு வா" என்றாள்.

ஓடினேன். சாமி படத்திலிருந்து கயிற்றை உருவினேன். "கன்னிப் பொண்ணு அதைத் தொடாதடி" என்று அம்மா பின்னால் வந்தாள். நான் நிற்கவில்லை. கீழே வந்து அண்ணியின் கையில் கொடுத்தேன். அவள் முந்தானையைக் கழுத்திலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெறுங்கழுத்தோடு சந்தைத் தாண்டி, சிராங்கூன் ரோட்டைக் கடந்து, சமூக மன்றத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

மன்றத்தில் மூச்சு விட இடமில்லை. தரையில் பிள்ளைகள், நாற்காலியில் ஆண்கள், சுவரோரம் பெண்கள். டிவியில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதந்து மிதந்து நடந்தான். அண்ணன் முன்வரிசை. அண்ணி நேரே போய் அவனுக்கும் நிலாவுக்கும் நடுவில் நின்றாள். கயிற்றை நீட்டினாள்.

"கட்டி விடுங்க. வீட்டுக்குள்ள போகணும். விடியக்காலையில வேன் வந்துரும்."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "இங்கயா? அறிவிருக்கா ஒனக்கு? வீட்டுக்குப் போ, வர்றேன்."

"வீட்டுக்குள்ள விடலையே."

பின்னாலிருந்து ஒருவர், "மறைக்குது லா, உக்காருங்கம்மா" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. சுவரோரம் நின்ற பெண்கள் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். நிலாவை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் எழுந்தான். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு பின்னலை ஒதுக்கிக் குனிந்தாள். அவன் முடிச்சுப் போட்டான், நழுவியது. மறுபடி போட்டான், நழுவியது. டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்கிய கை, அத்தனை பேர் எதிரில் ஒரு நூலோடு மல்லுக்கட்டியது. அண்ணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் விரல்களிலிருந்து இரண்டு முனையையும் வாங்கினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு இறுக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"படத்தைப் பாருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்கு வந்திருக்க நியாயமில்லை. கழுத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். "அவன் கட்டினானா?" என்றாள்.

"கட்டியாச்சு அத்தை" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் வெகுநேரம் கழித்து வந்தான், யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டான். நான் அன்றிரவு கட்டுரையை எழுதி முடித்தேன். படியைப் பற்றி எழுதினேன். இது கட்டுரை அல்ல, குடும்பச் சண்டை என்று சிவப்பு மையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார் வாத்தியார்.

மறுநாள் விடியற்காலை அம்மா கயிற்றைக் கழற்றச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணி அவளைத் தாண்டிப் படியிறங்கினாள். கீழே தெருவில், வேனில் உட்கார்ந்திருந்த பெண்கள் பார்க்க, கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவளே அவிழ்த்தாள். கயிற்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுத் தூக்கின் மேல் தட்டில் வைத்து மூடினாள். ஏறி உட்கார்ந்தாள்.

அம்மா மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறப்பாள் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. அன்றைக்குச் சம்பள நாள்.